நூறு சொல்லுக்கு எத்தனை பிழை?

ஜூன் 2, காலை 7.40 (கேள்வி)

ஆங்கிலம் கற்கும் பெரியவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நூறு சொல்லுக்கு எத்தனை பிழை என்று எண்ணி அதை வைத்து மார்க் போடலாம் என்றிருக்கிறேன். யார் திருத்தினாலும் ஒரே மார்க் வரும், பாரபட்சம் என்ற பேச்சே எழாது. கோவை, நடை, சொல்வளம் என்பதெல்லாம் கடைசியில் திருத்துகிறவரின் அபிப்பிராயம்தானே? இதில் என்ன தவறு?

ஜூன் 2, இரவு 9.15

தவறு இரண்டு இடத்தில்.

யார் எண்ணினாலும் ஒரே எண் வரும் என்கிறீர்கள். இதை எண்ணிப் பாருங்கள்: 'ஹி டோன்ட் நோஸ் வேர் இஸ் மை ஹவுஸ்.' எனக்கு இரண்டு வருகிறது. 'டு'வின் மேல் ஏற வேண்டிய 'எஸ்' இடம் மாறி 'நோ'வின் மேல் ஏறிவிட்டது, அது ஒன்று. 'மை ஹவுஸ் இஸ்' என்று வர வேண்டியது கேள்வியின் வரிசையிலேயே நிற்கிறது, அது இன்னொன்று.

அடுத்த தவறு இதைவிடப் பெரிது. நானும் எண்ணித்தான் தொடங்கினேன். முதல் வருடம் என்னிடம் இரண்டு பேப்பர் வந்தன. ஒருவர் எழுதியிருந்தது: 'மை ஹாபி இஸ் ரீடிங். ஐ ரீட் புக்ஸ். புக்ஸ் ஆர் குட்.' இப்படியே ஒரு பக்கம், ஒரு பிழை கிடையாது. இன்னொருவர்: 'தி புக் விச் ஐ ரெட் இட் லாஸ்ட் வீக் சேஞ்ஜ்டு ஹவ் ஐ திங்க் அபவுட் மணி.' அந்த 'இட்' வேண்டாதது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் தடுக்கியிருந்தார். என் கணக்கில் முதலாமவர் ஜெயித்தார். மார்க்கைப் போட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல முயன்றவர் இரண்டாமவர் மட்டும்தான்.

ஜூன் 2, இரவு 10.05

விட்டுப்போனது. இதை 1974இலேயே ஜாக்லின் ஷாக்டர் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். பாரசீகம், அரபு, சீனம், ஜப்பானியம் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதியவற்றில் 'விச்', 'ஹூ', 'தட்' போட்டுப் பெயரை விவரிக்கும் துணைவாக்கியங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார். சீனரும் ஜப்பானியரும் குறைவாகப் பிழை விட்டிருந்தார்கள். காரணம் திறமை அல்ல, அந்த அமைப்பையே அவர்கள் மிகக் குறைவாகத்தான் பயன்படுத்தியிருந்தார்கள். குளத்தில் இறங்காதவனுக்கு நீர் குடிக்கும் ஆபத்து இல்லை.

தமிழும் இந்த விஷயத்தில் ஜப்பானிய மொழி பக்கம்தான். 'நான் படித்த புத்தகம்' என்று விவரிப்பை முன்னால் வைத்துவிடுவோம், 'விச்' போன்ற ஒன்று நமக்குத் தேவையே இல்லை. ஆகவே 'விச்' எழுதத் துணிந்த அந்த மனிதருக்கு நான் அன்று மார்க் குறைத்தது இன்றும் உறுத்துகிறது.

ஜூன் 3, காலை 6.50

மூன்று பேர் எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இரண்டு, மூன்று, மூன்று. 'டோன்ட்' ஒரு பிழை, 'நோஸ்' தனிப் பிழை என்பது மூன்று போட்டவர்களின் வாதம். தப்பென்று சொல்ல முடியாது. ஏழே சொல் உள்ள வாக்கியத்தில் இந்த நிலைமை.

ஜூன் 3, இரவு 11.20

தட்டுப்பிழையையும் அறியாமையையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் எழுதிய கட்டுரை இந்தப் பிரிவினையைத்தான் செய்கிறது. தெரிந்தும் கை தவறுவது ஒன்று. மாணவரின் மனதில் ஓடுகிற விதியே வேறாக இருந்து அதன்படி ஒழுங்காக எழுதி வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் திருத்துகிறவருக்குத் தகவல். அதைப் பிழை என்று சொல்வதைவிட, மாணவர் இப்போது எந்த ஊன்றுகோலைப் பிடித்து நிற்கிறார் என்பதற்கான தடயம் என்று சொல்லலாம்.

காகிதத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது படுசிரமம். ஒரே பக்கத்தில் மேலே 'ஹி கோஸ்', கீழே 'ஹி கோ' என்று இருந்தால்? கேட்டால் விதியை ஒப்பிப்பார். கை மட்டும் கேட்காது.

இந்த 'எஸ்' விவகாரம் எனக்கு நீண்ட நாள் புதிர். தமிழில் வினை ஒவ்வொன்றும் விகுதி ஏந்தித்தான் நடக்கிறது: போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள். இத்தனை விகுதியைப் பிறவியிலேயே சமாளிக்கிறவருக்கு ஆங்கிலத்தின் ஒற்றை 'எஸ்' பெரிய சுமையா? இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது. தாய்மொழி எதுவானாலும் இது தாமதமாகவே படிகிறது என்று 1970களிலிருந்தே ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். அர்த்தத்துக்கு அது அநேகமாக ஒன்றும் சேர்ப்பதில்லை என்பது ஒரு காரணம். 'ஹி' என்று சொன்ன பிறகு 'எஸ்' புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு 'போகிறான்' என்றாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். அங்கே விகுதிக்கு வேலை இருக்கிறது.

ஆக, எல்லோரும் விடுகிற, யாரையும் குழப்பாத பிழைக்கு முழு மார்க்கும் வெட்டுவதில் நியாயம் இல்லை.

ஜூன் 4, மாலை 5.30

என் வழி என்ன என்று கேட்டதற்கு. சிவப்பு மையை விட்டு ரொம்ப நாளாயிற்று. பென்சில் எடுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் படிப்பேன். எங்கே நின்று திரும்பப் படிக்க வேண்டி வந்ததோ, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி. பிழை இருந்தாலும் தடங்கல் இல்லையென்றால் புள்ளி இல்லை. பிழையே இல்லாமல் குழம்பினால் புள்ளி உண்டு.

இதற்குப் பின்னாலும் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. மரினா பர்ட், கரோல் கிபார்ஸ்கி இருவரும் 1972இலேயே பிழைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வகை வாக்கியம் முழுவதையும் குலைத்துவிடும்: சொல் வரிசை, இணைப்புச்சொல் போன்றவை. மற்றது ஒரு மூலையில் மட்டும் நிற்கும்: 'ஏ', 'தி' விட்டுப்போவது மாதிரி. என் புள்ளிகள் பெரும்பாலும் முதல் வகையில் விழுந்தன. ரொம்பத் திருப்தியாக இருந்தது. பக்கத்துக்கு எத்தனை புள்ளி என்பதே தரம் என்று சில காலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் கதை பிறகு.

ஜூன் 5, காலை 8.10

பெரிய தேர்வுகள் எப்படிச் செய்கின்றன என்ற கேள்விக்குச் சுருக்கமாக.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் கட்டுரைக்கு நான்கு அளவுகோல்: கேட்டதற்குப் பதில் சொன்னாரா, கருத்துகள் கோவையாக இணைந்திருக்கின்றனவா, சொல்வளம், இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும். நான்குக்கும் சம எடை. கடைசியில் வீச்சும் துல்லியமும் ஜோடியாக நிற்பதைக் கவனியுங்கள். 'புக்ஸ் ஆர் குட்' ஆசாமி துல்லியத்தில் எவ்வளவு வாங்கினாலும் வீச்சு அவரைக் கீழே இழுத்துவிடும். ஷாக்டர் சொன்ன சிக்கலுக்கு இது ஒரு மருந்து.

1981இல் ஹாலி ஜேக்கப்ஸ் குழு வெளியிட்ட மதிப்பீட்டுத் தாள் ஒன்று உண்டு, வகுப்பறைகளில் நிறையப் புழங்கியது. நூறு மார்க்கில் உள்ளடக்கம் 30, அமைப்பு 20, சொல் 20, மொழிப் பயன்பாடு 25. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, கையெழுத்து எல்லாம் சேர்த்து வெறும் 5. இதை முதலில் பார்த்த அன்று பழைய பேப்பர்களை எடுத்துப் புரட்டினேன். நான் கொட்டிய சிவப்பு மையில் பாதிக்கு மேல் அந்த ஐந்து மார்க் பகுதியில்தான் கொட்டியிருந்தது.

ஜூன் 5, காலை 8.25

உச்சரிப்பை ஏன் விட்டேன் என்று கேட்கிறார்கள். நான் சொன்னது எழுத்துத் தேர்வு ஐயா. பேச்சுத் தேர்வில் உச்சரிப்பு தனியாக ஒரு கால் பங்கு.

ஜூன் 8, இரவு 10.40

புள்ளி முறை கவிழ்ந்த கதை.

திருத்தி முடித்த ஒரு கட்டின் நகலைத் தமிழ் அறியாத நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவரும் ஆங்கிலம் கற்பிக்கிறவர். 'நின்று படித்த இடத்தில் புள்ளி வையுங்கள்' என்று மட்டும் சொன்னேன். திரும்பி வந்தபோது அவருடைய புள்ளிகளுக்கும் என் புள்ளிகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஒரு வாக்கியம்: 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்.' நான் நிற்கவே இல்லை. நேற்றுதான் வந்தேன், அவ்வளவுதானே. 'தான்' இருந்த இடத்தில் 'ஒன்லி' உட்கார்ந்திருக்கிறது. நண்பர் அங்கே இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டிருந்தார். வேறு யாரும் வரவில்லை, நான் மட்டும் வந்தேன் என்கிறாரா? நேற்று ஒரு நாள் மட்டும் வந்தேன் என்கிறாரா? 'ஐ டோல்டு அண்ட் கேம்' என்பதும் அப்படித்தான். எனக்கு அது சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு நடுவில் ஏதோ ஒரு சொல் விழுந்துபோயிருக்கிறது.

ஆக, அத்தனை வருடம் நான் அளந்தது மாணவரின் ஆங்கிலத்தை அல்ல. அதற்கு அடியில் ஓடிய தமிழைப் படித்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்று ஆங்கிலத்துக்கு மார்க் போட்டிருக்கிறேன். ஜூன் 4 அன்று எழுதியதில் 'ரொம்பத் திருப்தியாக இருந்தது' என்ற வரியை அடித்துவிடுங்கள்.

ஜூன் 9, காலை 7.05

இரவு தூக்கம் வராமல் யோசித்தது. புள்ளி முறை முழுக்கவும் தப்பில்லை. புரிவது என்பது தாளில் இருக்கும் குணம் என்று நினைத்ததுதான் தப்பு. அது எழுதியவருக்கும் படிப்பவருக்கும் நடுவில் நடக்கிறது.

பேச்சை வைத்து முர்ரே மன்ரோ, ட்ரேசி டெர்விங் 1995இல் செய்த ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. மூன்றைத் தனித்தனியாக அளந்தார்கள்: அந்நிய உச்சரிப்பு எவ்வளவு கனமாகத் தெரிகிறது, புரிந்துகொள்ளக் கேட்பவர் எவ்வளவு சிரமப்படுகிறார், கடைசியில் சொன்னது உண்மையாகவே புரிந்ததா. புரிந்ததா என்று பார்க்க, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னார்கள். உச்சரிப்பு ரொம்பக் கனம் என்று தாங்களே மதிப்பிட்ட பேச்சைக்கூடக் கேட்டவர்கள் பல இடங்களில் ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தார்கள். காதுக்கு அந்நியமாக ஒலிப்பது வேறு, புரியாமல் போவது வேறு.

ஐரோப்பிய கவுன்சில் மொழித்திறனுக்காக 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம், அதாவது ஏ1 முதல் சி2 வரை ஆறு படி, 'பி2' நிலைக்காரர் தாய்மொழியாளரோடு சிரமமின்றி உரையாட முடியும் என்று விவரித்தது. 2020இன் துணைத் தொகுதியில் தாய்மொழியாளர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் என்று மட்டும் இருக்கிறது. உச்சரிப்பு அட்டவணையையும் புரியும்படி இருக்கிறதா என்பதை மையமாக வைத்துத் திருத்தி எழுதினார்கள். அதைச் செய்யவே ஏறத்தாழ இருபது வருடம்.

ஜூன் 9, மதியம் 1.15

'யாருக்குப் புரிய வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே.' சரிதான். மாணவர் யாருக்கு எழுதுகிறாரோ அவருக்கு. அது யார் என்று தலைப்பிலேயே சொல்லாமல் 'என் பொழுதுபோக்கு' என்று கட்டுரை கேட்பது திருத்துகிறவரின் சோம்பேறித்தனம். நானும் அந்தச் சோம்பேறிகளில் ஒருவன்தான்.

ஜூன் 10, இரவு 9.50

புள்ளியிலும் சிக்காது, எண்ணிக்கையிலும் சிக்காது என்று ஒரு வகை உண்டு. மேலதிகாரிக்கு விடுப்புக் கடிதம்: 'கிவ் மீ லீவ் டுமாரோ.' பிழை பூஜ்யம். படித்தால் தடங்கலும் பூஜ்யம். அனுப்பினால் வம்பு.

எழுதியவர் மரியாதை தெரியாதவர் அல்ல. 'நாளை விடுப்புக் கொடுங்கள்' என்று மனதில் சொல்லியிருப்பார். நம் மொழியில் மரியாதை அந்த 'ங்கள்' என்ற விகுதியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வினையில் அதற்கு இருக்கையே கிடையாது. அங்கே 'குட் யூ', 'வுட் இட் பி பாஸிபிள்' என்று வாக்கியத்தையே சுற்றி வளைத்துத்தான் பணிவைக் கட்ட வேண்டும். சிலர் எங்கேயோ மரியாதை கசிகிறது என்று உணர்ந்து 'ப்ளீஸ் கைண்ட்லி' என்று இரட்டைப் பூட்டாகப் போடுவதும் இதனால்தான்.

மைக்கேல் கனேல், மெரில் ஸ்வெயின் 1980இல் மொழித்திறனை மூன்றாகப் பிரித்தபோது இலக்கண அறிவுக்குச் சமமாக இந்தச் சமூக உணர்வையும் வைத்தார்கள். மூன்றாவது, சொல் கிடைக்காதபோது சுற்றிப் போய்ச் சமாளிக்கும் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்துக்கு மார்க் போடும் தேர்வுத் தாள் என் கையில் ஒன்றுகூட வந்ததில்லை. 'கார்க்ஸ்க்ரூ' என்ற சொல் தெரியாமல் 'தி திங் டு ஓபன் தி பாட்டில்' என்று எழுதியவருக்குச் சொல்வளத்தில் குறைத்துத்தான் பழக்கம்.

ஜூன் 12, காலை 6.30

சொல்வளத்தை எண்ணலாமே என்று கிளம்பியிருப்பவருக்கு: வெவ்வேறு சொற்களின் எண்ணிக்கையை மொத்தச் சொல்லால் வகுக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டுரை நீளும்போது அந்த விகிதம் தானாகவே இறங்கும், ஏனென்றால் 'தி', 'இஸ்', 'ஆஃப்' திரும்பத் திரும்ப வந்துதான் தீர வேண்டும். அதிகம் எழுதியவர் தண்டனை வாங்குவார். நீளத்தைச் சமன் செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

கனமான சொற்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். ஒருமுறை ஒரு கட்டுரையின் முதல் பத்தியைப் படித்து அசந்துபோனேன். 'ப்ளெதோரா', 'டபிள் எட்ஜ்டு ஸ்வார்டு', எல்லாம் அதனதன் இடத்தில். தாராளமாக மார்க். நாலு பேப்பர் தள்ளி அதே பத்தி. கட்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை வந்தது. நாலாவது தடவை எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இப்போது முதல் பத்தியைத் தாண்டித்தான் மதிப்பீட்டைத் தொடங்குகிறேன்.

ஜூன் 15, இரவு 11.00

'கடைசியில் எல்லாம் அபிப்பிராயம்' என்ற முதல் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை என்று குத்துகிறார்கள். சொல்கிறேன். அந்தப் பயம் நியாயமானது.

1961இல் ஆய்வாளர் பால் டீடரிக்கும் இரண்டு சகாக்களும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது படிகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள் என்று பலதுறை ஆட்கள். அளவுகோல் எதுவும் தரவில்லை. 94 சதவீதக் கட்டுரைகள் ஏழோ அதற்கு மேலோ வெவ்வேறு தரம் வாங்கின. ஐந்துக்குக் குறைவான தரங்களில் அடங்கியது ஒன்றுகூட இல்லை. பிறகு அலசியபோது அந்த 53 பேரும் ஐந்து கட்சியாகப் பிரிவது தெரிந்தது: கருத்தைப் பார்ப்பவர், அமைப்பைப் பார்ப்பவர், நடையைப் பார்ப்பவர், பிழையைப் பார்ப்பவர், சொல்லைப் பார்ப்பவர். கேள்வி கேட்டவர் பிழைக் கட்சி. அளவுகோல் தாள்கள் பிறந்ததே இந்தக் கட்சிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான்.

ஜூன் 15, இரவு 11.30

ஒரு திருத்தம். அந்த 300 கட்டுரைகள் அமெரிக்கக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள் எழுதியவை, ஆங்கிலம் கற்பவர்கள் எழுதியவை அல்ல. நம் விஷயத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் திருத்துகிற மனித இனம் ஒன்றுதான்.

என்னையே சோதித்ததும் உண்டு. பழைய மார்க்கை மறைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து அதே கட்டைத் திரும்பத் திருத்தினேன். பெரும்பாலானவை அருகருகே வந்தன. சில படுமோசமாக விலகின. அந்தச் சிலவற்றைத் தேடிப் பார்த்தால், முதல் தடவை ஒரு பிரமாதமான பேப்பருக்கு அடுத்ததாக வந்தவை அவை. பாவம், வரிசையில் நின்ற இடம்தான் குற்றம்.

ஜூன் 16, காலை 7.20

இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்பதற்கு. 1999இலிருந்து மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் 'ஈ-ரேட்டர்' என்ற நிரல், மனிதர் ஒருவரோடு சேர்ந்து கட்டுரை திருத்தியிருக்கிறது. அதற்கு அலுப்பு கிடையாது, முந்தைய பேப்பரின் நினைவும் கிடையாது. ஆனால் 2014இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த லெஸ் பெரல்மனும் சில மாணவர்களும் அர்த்தமே இல்லாத கட்டுரைகளை எழுதித்தள்ளும் ஒரு நிரலைச் செய்தார்கள். நீளமான வாக்கியம், அரிய சொல், உள்ளே காற்று. திருத்தும் இயந்திரம் நல்ல மார்க் கொடுத்தது. 'ப்ளெதோரா' பத்திக்கு நான் கொடுத்ததை நினைத்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கிறேன்.

ஜூன் 16, இரவு 8.45

இயந்திரம் வேண்டாம் என்றால் வேறு வழி ஒன்று. மார்க்கே போடாமல் இரண்டு பேப்பரை எடுத்து எது மேல் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த ஜோடி, அடுத்த ஜோடி. போதுமான ஜோடி சேர்ந்தால் கணக்குப் போட்டு வரிசை கிடைத்துவிடும். லூயிஸ் தர்ஸ்டன் 1927இல் போட்ட கணக்கு இதற்கு அடிப்படை. '63ஆ 65ஆ' என்று முழிப்பவர்கூட 'இது மேல்' என்று சட்டென்று சொல்லிவிடுவார். ஒரே குறை, ஏன் மேல் என்று மாணவருக்குச் சொல்ல கையில் ஒன்றும் இருக்காது.

ஜூன் 20, காலை 9.00

'விவாதம் போதும், நாளை மறுநாள் கட்டைக் கொடுக்க வேண்டும், என்ன செய்யட்டும்' என்று கேள்வி கேட்டவரே வந்திருக்கிறார்.

நான் இப்போது செய்வது இதுதான். முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடுவதில்லை. முடித்ததும், இது யாருக்கு எழுதப்பட்டதோ அவர் வேலை இதனால் நடக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் வாசிப்பில் புள்ளி, ஆனால் 'எனக்குத் தமிழ் தெரியாது' என்று தலையில் அடித்துச் சொல்லிக்கொண்டு. பாதிதான் பலிக்கிறது. அப்புறம் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றையோ இரண்டையோ குறித்துக்கொள்கிறேன், ஒருமுறை வந்து போனதை விட்டுவிடுகிறேன். கடைசியாக, தெரியாததைச் சொல்ல எங்கே துணிந்திருக்கிறார் என்று தேடுகிறேன். துணிந்து விழுந்த இடத்துக்கு மார்க் வெட்டுவதில்லை. கட்டில் முதல் ஐந்து பேப்பரை முடிவில் மறுபடி பார்க்கிறேன், ஆரம்பத்தில் கை எப்போதும் இறுக்கமாக இருக்கும்.

எண்ணிக்கைதான் வேண்டும் என்று மேலிடம் கட்டாயப்படுத்தினால், பிழைகளை எண்ணாமல், வினை ஒன்றும் அதைச் சேர்ந்த சொற்களும் கொண்ட ஒவ்வொரு வாக்கியத் துண்டையும் பார்த்து, பிழையில்லாத துண்டுகளை எண்ணுங்கள். ஒரே துண்டில் இரண்டா மூன்றா என்ற சண்டை அதோடு ஒழியும்.

ஜூன் 23, இரவு 10.10

கட்டைக் கொடுத்துவிட்டாராம். பிடிவாதமாக நாலு பேப்பரைப் பழையபடியும் எண்ணிப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை ஒரு பேப்பரில் 17, அதே பேப்பரில் ஞாயிற்றுக்கிழமை 14. நடுவில் யாரும் திருத்தவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

நானும் ஆசைக்கு 'ஹி டோன்ட் நோஸ்' வாக்கியத்தை இன்றைக்கு மறுபடி எண்ணினேன். மூன்று. மேலே இரண்டு என்று எழுதியிருக்கிறேன், அதை மாற்றப் போவதில்லை.